குதெக்கை ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே

இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் இருக்கும் யோக்யகர்த்தாவுக்குக் குடும்பத்தோடு போகிறவர்களுக்காக நீங்கள் எழுதிய பயணக் கட்டுரை போரோபுதூர் புத்தக் கோயிலை அழகாகக் காட்டுகிறது. ஆனால் அந்த ஊர் உணவான குதெக்கை 'இனிப்பான பலாக்கறி' என்று ஒரே வரியில் முடித்தது எனக்கு வருத்தம். பலாப்பிஞ்சைத் தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்து மணிக்கணக்கில் சிறுதீயில் வேகவைக்கிறார்கள். அந்தச் செம்பழுப்பு நிறம் தேக்கிலையிலிருந்து வருவது. தனியாகச் சாப்பிட்டால் நம் நாக்குக்குத் தித்திப்பு அதிகம்தான். கூடவே வைக்கும் கிரெச்செக், அதாவது காரமாகச் சமைத்த மாட்டுத்தோல், சேரும்போதுதான் ருசி சரியாகிறது. மாடு சாப்பிடாதவர்கள் அதை வைக்கவேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முட்டையோ, தெம்பேயோ (சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் கட்டி) கேட்டு வாங்கலாம். அரண்மனைக்குப் பக்கத்தில் விஜிலான் தெருவில் வரிசையாகக் குதெக் கடைகள் இருக்கின்றன.

அப்புறம் பிரம்பானன். 9ஆம் நூற்றாண்டுக் கோயில், நடுவில் இருக்கும் சிவன் சன்னதி மட்டும் 47 மீட்டர் உயரம். வெளியே நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். மேலே ஏறிக் கைப்பிடிச் சுவரின் உட்பக்கம் பாருங்கள், ராமாயணம் சிற்பமாக ஓடுகிறது. வலமாகச் சுற்றினால் கதை வரிசையாகப் பிடிபடும். மிச்சக் கதை பக்கத்துப் பிரம்மா கோயிலில் தொடர்கிறது. எங்கள் பிள்ளைகள் அனுமனைத் தாங்களாகவே கண்டுபிடித்துக் குதித்தார்கள்.

மாலியோபோரோ கடைத்தெருவில் கடை பார்க்க ஒரு மாலை போதும். இன்னொரு மாலையை அரண்மனைக்குத் தெற்கே உள்ள மைதானத்துக்கு வையுங்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு இரண்டு ஆலமரங்களுக்கு நடுவே நேராக நடந்து பார்ப்பது அங்கே வழக்கம். குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.