அந்த முன் வாங்கு யாருடையது?

மூன்று நாள் பேசாமல்தான் இருந்தேன். எழுதவேண்டாம் என்று மனைவியும் சொன்னார். ஆனால் நேற்றிரவு எங்கள் புதுக் கோயில் திறப்பு விழா வீடியோவுக்குக் கீழே ஒருவர், "எல்லாம் ஒழுங்காக நடந்தது, ஆண்டவருக்கு நன்றி" என்று போட்டு, அதற்கு நாற்பது பேர் இதயம் விட்டிருந்ததைப் பார்த்த பிறகு தூக்கம் வரவில்லை.

என்ன நடந்தது என்று எங்கள் பங்கில் எல்லோருக்கும் தெரியும். வெளியில் இருப்பவர்களும் வீடியோவில் பார்த்திருப்பீர்கள், பதினோராவது நிமிடம். ரிப்பன் கட்டிய முன் வாங்கில் (பெஞ்சில்) வந்து இருந்த அக்காவின் தோளைத் தொட்டு ஒரு பொடியன் எழுப்புகிறான். அவர் எழும்பி, செபமாலையைக் கைக்குள் சுருட்டிக்கொண்டு, சிரித்தபடியே பின்னால் போகிறார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நாலு வார்த்தை ஏசிவிட்டுப் போயிருந்தால் எனக்கு நித்திரை வந்திருக்கும்.

பொடியனில் பிழையில்லை. சொன்னதைச் செய்தான். ரிப்பன் கட்டச் சொன்னது யார், 'நன்கொடையாளர்' என்று கடதாசி அடித்து வாங்கில் ஒட்டச் சொன்னது யார் என்பதுதான் என் கேள்வி. கோயிலில் முன் வாங்கு விலைக்கு இல்லை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த அக்காவை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம். போர் முடிந்து 2010இல் நாங்கள் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது கோயில் என்று சொல்ல ஒன்றரைச் சுவர்தான் மிச்சம் இருந்தது. பீடம் இருந்த இடத்தில் நாயுண்ணிப் பற்றை. கண்ணிவெடி எடுத்து முடித்து உள்ளே விட்ட முதல் கிழமையே பற்றையை வெட்டியவர் அவர். நிவாரணத்துக்குக் கிடைத்த இரண்டு தறப்பாளில் ஒன்றைத் தன் கொட்டிலுக்குக் கட்டிவிட்டு மற்றதைக் கோயிலுக்குக் கொண்டுவந்தார். அந்த மாரிக்கு அவருடைய கொட்டில் ஒரு பக்கம் ஒழுகியது. பீடம் நனையவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் கூட்டி, சாணி மெழுகி, ஞாயிறு பூசைக்கு மண்ணைத் தயார்செய்ததும் அவர்தான். மகனைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. கச்சான் விற்றுச் சீவிக்கிறார்.

கட்டிட நிதிக்கு மாதம் 200 ரூபாய் கொடுத்தார். எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஒரு வருடம் பற்றுச்சீட்டு எழுதியவன் நான். பன்னிரண்டு சீட்டும் என் கையெழுத்து. எல்லாம் பத்து ரூபாய், இருபது ரூபாய்த் தாள்கள், கச்சான் உப்பு ஒட்டியிருக்கும்.

திறப்பு விழாவில் பெயர்ப் பட்டியல் வாசிக்க இருபத்தைந்து நிமிடம் எடுத்தார்கள். லட்சங்களில் தொடங்கிக் கீழே இறங்கி வந்து, "ஐயாயிரத்துக்குக் குறைவாகத் தந்தவர்களின் பெயர்களை நேரம் கருதித் தவிர்க்கிறோம்" என்று முடித்தார்கள். நேரம் கருதி! அதற்குப் பிறகு ஒரு பிரமுகர் அரை மணித்தியாலம் பேசினார். அப்போது நேரத்தை ஒருவரும் கருதவில்லை.

யாக்கோபின் திருமுகம் இரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பொன் மோதிரம் போட்டவன் தொழுகைக் கூடத்துக்குள் வந்தால் "இங்கே நல்ல இடத்தில் இரும்" என்றும், அழுக்கு உடுப்போடு வருகிற ஏழையிடம் "அங்கே நில்" என்றும் சொல்கிறீர்களே என்று கேட்கிறார். எங்கள் வீடியோவைப் பார்த்துவிட்டு எழுதியதுபோல இருக்கிறது. விவிலியம் பழையது, இப்போது சட்டதிட்டம் வேறு என்பவர்களுக்கு இன்னொன்று. கத்தோலிக்க திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றி 1963 டிசம்பர் 4இல் வெளியிட்ட ஏடு, 32ஆம் எண். திருப்பணி, திருநிலை காரணமாக வருகிற வேறுபாட்டையும் அரச அதிகாரிகளுக்குரிய மரியாதையையும் தவிர, வழிபாட்டில் எந்தத் தனி ஆளுக்கும் எந்த வகுப்பாருக்கும் சிறப்பு மரியாதை காட்டக்கூடாது என்று தெளிவாக இருக்கிறது. அதில் நன்கொடையாளர் என்று ஒரு விதிவிலக்கு இருக்கிறதா? நான் இரண்டு முறை தேடிவிட்டேன். கண்டவர்கள் சொல்லுங்கள்.

இனி, விழாவில் 'புனித இடம்' என்று மூச்சுக்கு மூச்சு சொன்னீர்களே, அதற்கு வருகிறேன். கோயில் அர்ச்சிப்பில் ஆயர் பீடத்தில் கிறிஸ்மா என்ற பரிசுத்த எண்ணெயை ஊற்றிப் பூசுகிறார், சுவர்களில் பன்னிரண்டு இடத்தில் அல்லது நான்கு இடத்தில் சிலுவை வரைகிறார். பீடத்துக்கு அடியில் புனிதரின் திருப்பண்டம் வைப்பது பழைய வழக்கம். ஏன்? உயிரைக் கொடுத்தவரின் எலும்புக்கு மேலே பலி ஒப்புக்கொடுக்கவேண்டும் என்பதற்காக. அதாவது அந்த இடத்துக்கு அத்திவாரமே ஒருவர் இழந்த உயிர். இத்தாலி மாபிள் அல்ல.

இதை எங்களுக்கு ரோமாபுரியிலிருந்து வந்து படிப்பிக்கவேண்டியதில்லை. மன்னார்க் காட்டிலுள்ள மடு மாதா கோயிலை எடுங்கள். மடு எப்படி மடு ஆனது? ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துரத்திய காலத்தில், 1670 அளவில், மாந்தையிலிருந்த மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடியவர்களால் ஆனது. வீடு வாசலை விட்டு ஓடினவன் தூக்கியது சொரூபத்தை. 1999 நவம்பரில் அதே மடுவில் அடைக்கலம் புகுந்திருந்த சனத்தின் நடுவே ஷெல் விழுந்து நாற்பதுக்கு அண்மித்த உயிர்கள் போயின. 2008 ஏப்ரலில் மாதா திரும்பவும் அகதியாகி தேவன்பிட்டிக்குப் போனார். கட்டிடம் அங்கேயேதான் நின்றது. ஆனால் எங்களில் ஒருவர்கூட அப்போது அந்தக் கட்டிடத்தை நினைத்துச் செபிக்கவில்லை, மாதா எங்கே என்றுதான் கேட்டோம். இன்றைக்கும் ஆவணித் திருநாளுக்கு மடுவுக்குப் போகிற சனம், சைவச் சனமும் சேர்த்துத்தான், வீட்டுக்குக் கொண்டுவருவது என்ன? ஒரு பிடி மண். மடு மண் பாம்புக் கடிக்கு ஆகும் என்று என் அப்பாவின் ரங்குப்பெட்டியில் எப்போதும் ஒரு பொட்டலம் இருக்கும். அந்த மண்ணை அள்ளும்போது யாரும் எத்தனை லட்சம் தந்தாய் என்று கேட்பதில்லை.

எழுதவேண்டாம் என்று நினைத்ததையும் எழுதிவிடுகிறேன். 2009 பங்குனியில், கடைசிப் போருக்குள், நாங்கள் முல்லைத்தீவில் மாத்தளன் பக்கம் இருந்தோம். பூசை ஒரு தென்னைக்குக் கீழே, மண்மூடை அடுக்கிய பங்கர் வாசலில் நடந்தது. பீடம் என்று ஒரு சூட்கேஸ், அதன் மேல் யாருடையதோ வெள்ளைச் சேலை. காணிக்கைப் பை இல்லை, காசு இருந்தும் வாங்க ஒன்றும் இல்லை. அம்மா ஒவ்வொரு நாளும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து ஒரு பால்மாப் பேணிக்குள் போடுவார். ஊரில் பிடியரிசி எடுத்துப் பழகிய கை. ஆனால் ஊரில் மூடைக்குள் இருந்து எடுத்தது, இங்கே ஐந்து பேருக்கு அரைச் சுண்டு இருக்கிற இடத்தில் எடுக்கிறார். நான் கோபித்தேன். "எங்களுக்கே இல்லை, யாருக்கு இது?" என்று கத்தினேன். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பேணி பூசைக்குப் போனது. அங்கிருந்து நேரே கஞ்சிப் பானைக்குள் போனது. அன்று அந்தக் கஞ்சியில் நானும் ஒரு கோப்பை குடித்தேன், வெட்கமில்லாமல். யார் எத்தனை பிடி போட்டது என்று ஒருவரும் வாசிக்கவில்லை.

அந்த நாட்களில் எங்களோடு நின்ற குருக்கள் எதைக் கொடுத்தார்கள் என்று கணக்குப் பார்த்தோமா? சரத்ஜீவன் அடிகள் சனத்தோடு கடைசிவரை நின்று, 2009 மே 18இல் மாரடைப்பில் போனார். பிரான்சிஸ் ஜோசப் அடிகள் அதே நாட்களில் சரணடைந்தவர்களோடு சேர்ந்து போனார், இன்றுவரை காணவில்லை. இவர்களுக்கு எந்த வாங்கில் ரிப்பன் கட்டினீர்கள்?

சரி, ஆத்திரத்தில் எங்கேயோ போய்விட்டேன். வாங்குக்கு வருகிறேன். முன் வாங்கு விலைக்கு இல்லை.

"அப்படியென்றால் கட்டிடமே வேண்டாமா, தறப்பாளுக்குக் கீழேயே இருப்போமா?" என்று உள்பெட்டியில் ஒருவர் கேட்டிருக்கிறார். தம்பி, அந்தத் தறப்பாளுக்குக் கீழே இருந்தவன் நான், அதன் அழகு எனக்கு நன்றாகத் தெரியும். நல்ல கோயில் வேண்டும். அத்திவாரத்துக்குக் கல் சுமந்தவர்களில் நானும் ஒருவன். மோசே பாலைவனத்தில் கூடாரம் கட்டியபோதும் சனம் பொன்னும் நூலும் கொண்டுவந்தது. ஆனால் அங்கே என்ன நடந்தது? தேவைக்கு மிஞ்சி வருகிறது, இனிக் கொண்டுவரவேண்டாம் என்று மோசே பாளையம் முழுக்க அறிவித்தார். போதும் என்று ஒரு கட்டிடக்குழு சொன்னதை நான் விவிலியத்தில் அந்த ஓர் இடத்தில்தான் வாசித்திருக்கிறேன்.

"நன்றி சொல்வது பிழையா?" பிழையில்லை. மண்டபத்தில் ஒரு நாள் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்துச் சொல்லுங்கள், கடிதம் எழுதுங்கள். பீடத்துக்கு முன்னால் விலைப்பட்டியல் வாசிக்காதீர்கள். வருமானத்தில் பத்தில் ஒன்று கேட்கிறார்கள் என்று மற்றக் கிறிஸ்தவ சபைக்காரரைப் பார்த்து நாங்கள் சிரிப்போமே, அவர்களாவது எல்லோரிடமும் ஒரே வீதத்தில் கேட்கிறார்கள்.

"உங்கள் பெயர் வாசிக்கப்படவில்லை என்ற எரிச்சல்." இதை எழுதியவர் என்னோடு படித்தவர், அதனால் பெயர் சொல்லவில்லை. ஐயா, எங்கள் பெயர் வாசிக்கப்பட்டது. கனடாவிலிருந்து தம்பி அனுப்பிய 3 லட்சத்துக்கு எட்டாவதாக எங்கள் குடும்பப் பெயர் வந்தது. உண்மையைச் சொன்னால், கேட்டபோது எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. நான் இருந்ததும் முன் வாங்கில்தான். அக்காவை எழுப்பியபோது எனக்கும் அவருக்கும் இடையில் இரண்டு பேர். நான் எழும்பவில்லை. வீடியோவில் என் பின்தலை தெரிகிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்றிரவு தம்பி எடுத்து, "அண்ணை, பேர் வாசிச்சவங்களோ?" என்று கேட்டான். இரவு வேலைக்குப் போகிற வழியில் பேசினான், பனிக்காற்றின் சத்தம் கேட்டது. அவனும் இரண்டு வருடம் இரட்டை வேலை செய்து அனுப்பிய காசு அது. ஓம் என்றேன். "அம்மா இருந்திருந்தா சந்தோசப்பட்டிருப்பா" என்றான். அவனிடம் நான் என்ன சொல்ல? பேணியைப் பற்றி அவனுக்குத் தெரியாது, அவன் அதற்கு முன்பே வெளிக்கிட்டுவிட்டான். ஆகவே வெளிநாட்டுச் சனத்தைத் தாக்கி எழுதியிருக்கிறேன் என்று யாரும் திரித்துவிடாதீர்கள். அவர்களுடைய வியர்வையையும் சேர்த்துத்தான் நீங்கள் ரிப்பனாக்கினீர்கள்.

"கோயில் விசயத்தை முகநூலில் எழுதலாமா?" வீடியோவைப் போட்டது நானா?

கடைசியாக விவிலியத்தில் வருகிற அந்த ஏழைக் கைம்பெண். அன்றைய பிரசங்கமும் அவரைப் பற்றித்தான், கோவில் காணிக்கைப் பெட்டியில் அவர் போட்ட இரண்டு செப்புக்காசு. நன்றாகச் சொன்னார்கள், தாராளமாகக் கொடுக்கவேண்டும் என்றார்கள். மாற்கு பன்னிரண்டாம் அதிகாரத்தில் அதற்கு முந்திய வசனத்தை யாராவது எங்களுக்கு எப்போதாவது வாசித்ததுண்டா? கைம்பெண்களின் வீடுகளை விழுங்குகிறார்கள், முதன்மையான இருக்கைகளை விரும்புகிறார்கள் என்று இயேசு மறைநூல் அறிஞரைச் சாடி முடித்த கையோடுதான் அந்தப் பெண் வருகிறார். முதன்மையான இருக்கை! அடுத்த அதிகாரத்தின் தொடக்கத்தில், இந்தக் கோவிலில் கல்லின் மேல் கல் இராதபடி இடிக்கப்படும் என்கிறார். இரண்டுக்கும் நடுவில்தான் அந்த இரண்டு காசு கிடக்கிறது. நாங்கள் நடுவில் உள்ளதை மட்டும் வெட்டி எடுத்து உண்டியலில் ஒட்டி வைத்திருக்கிறோம். கல்லின் மேல் கல் இல்லாமல் போவது எப்படி இருக்கும் என்று இந்த மண்ணில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

இதையெல்லாம் முதலில் கட்டிடக்குழுவிடம் நேரில் போய்ச் சொன்னேன். "அண்ணை, இது ஒரு சின்ன விசயம், அக்காவே ஒண்டும் சொல்லேல்லை" என்றார்கள். உண்மைதான். அக்காவிடமும் போனேன். கச்சான் வறுத்துக்கொண்டிருந்தார். "விடு தம்பி, புதுக் கோயில்ல எங்கையிருந்தாலும் காத்து வருது" என்று சொல்லி, ஒரு சுருள் கச்சான் தந்தார், காசு வாங்கவில்லை.

பிறகு குழுவிடம் திரும்பிப் போய், முகப்பில் பதித்த கல்வெட்டிலிருந்து எங்கள் பெயரையாவது எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். தம்பியிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். கருங்கல்லில் வெட்டியாயிற்றாம், எடுக்க முடியாதாம். வேண்டுமானால் சீமெந்து பூசி மறைக்கலாம், ஆனால் கூலி யார் கொடுப்பது என்றார்கள். நான் கொடுக்கிறேன் என்றேன். அதற்குப் பற்றுச்சீட்டு கேட்கவேண்டாம் என்று நினைக்கிறேன், ஐயாயிரத்துக்குக் குறைவாகத்தான் வரும்.