இறுங்கும் வெட்டுக்கிளியும்

வெட்டுக்கிளி எந்தப் பயிரையும் ஒரே மாதிரித் தின்னும் என்று வெட்டுக்கிளி பற்றிய உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. இறுங்கு ஒரு சிறுதானியப் பயிர். இளம் இறுங்கில் துரின் என்றொரு பொருள் இருக்கிறது. இலையைக் கடித்ததும் அதிலிருந்து ஐதரசன் சயனைட்டு என்ற நஞ்சு வரும். அதனால் நாற்றுப் பருவத்தில் வெட்டுக்கிளி அதை அதிகம் தின்னாது. பயிர் வளர வளர அந்த நஞ்சு குறையும், அப்புறம் தின்னத் தொடங்கும். இரகத்துக்கு இரகம் துரின் அளவும் மாறும். எங்கள் அம்மம்மா இளம் இறுங்கில் மாட்டை மேயவே விடமாட்டா. காரணம் இதே நஞ்சுதான்.

வவுனியா மாவட்டத்து நெடுங்கேணிப் பக்கம் எங்கள் மேட்டுக்காணியில் கடைசியாக இறுங்கு போட்டுப் பல வருடம். 2018 காலபோகத்தில், அதாவது மாரிமழைப் பயிர்ப் பருவத்தில், படைப்புழு வந்து நாங்கள் போட்ட சோளன் குருத்தோடு போனது. விதை தருகிறவர்கள் விளைச்சலை மட்டும் சொல்கிறார்கள். எந்த இரகத்தைப் பூச்சி எந்த வயதில் தின்னும் என்பதையும் நீங்களாவது சொல்லுங்கள்.