தண்ணீர் இல்லாமல் பாய்லர் எரிவதா?

இதை எழுதாவிட்டால் மனசு ஆறாது. அமெரிக்காவில், மாசசூசெட்ஸில் ஒரு பழைய மர வீட்டில் இருக்கிறோம். இங்கே பாய்லர் என்றால் குளிக்க வெந்நீர் போடுவது இல்லை. நிலவறையில் இருந்துகொண்டு, குழாய் வழியே அறைக்கு அறை வெந்நீர் அனுப்பி வீட்டையே சூடாக்குகிற வார்ப்பிரும்புப் பாய்லர். போன வருடம்தான் 9,000 டாலர் கொட்டிப் புதிதாக மாற்றினோம்.

ஜனவரியில் ஒரு நாள் விடியற்காலை, அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர் எல்லாம் சில்லிட்டுக் கிடந்தன. கீழே போனால் காந்தல் வாடை. தண்ணீரின் அழுத்தம் 12 பி.எஸ்.ஐ. என்று காட்ட வேண்டிய முள் பூஜ்யத்தில் நிற்கிறது. உள்ளே தண்ணீர் இல்லை, பர்னர் மட்டும் எரிந்துகொண்டே இருக்கிறது! ஓடிப்போய்ப் படிக்கட்டு உச்சியில் இருக்கும் சிவப்பு சுவிட்சை அணைத்தேன். கை நடுங்கியது. பாய்லருக்கு நேர் மேல் அறையில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். பதற்றத்தில் நானே தண்ணீரைத் திறந்து விட்டிருந்தால்? பழுக்கக் காய்ந்த இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் இரும்பு வெடித்து விரிசல் விடும். தண்ணீர் நீராவியானால் 1,600 மடங்கு விரியும். நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

அடியில் இருக்கும் வடிகால் வால்வில் கசிவு. குறைந்த தண்ணீரைத் தானாக நிரப்ப வேண்டிய வால்வில் துரு அடைப்பு. சரி, இதெல்லாம் நடக்கும். நடக்கும் என்று தெரிந்துதானே லோ வாட்டர் கட்ஆஃப் என்று ஒரு கருவி வைத்திருக்கிறார்கள்? தண்ணீர் மட்டம் இறங்கினால் பர்னரை நிறுத்திவிடும். அது ஒன்றுதான் அதன் வேலை. விலை 200 டாலர் சொச்சம். நம் வீட்டுக் குக்கரில்கூடத் தண்ணீர் வற்றினால் உருகி வழிவிடும் சேஃப்டி வால்வு இருக்கிறதே!

ஏன் போடவில்லை என்று பாய்லரை மாட்டியவரிடம் கேட்டேன். ரேடியேட்டர்கள் பாய்லருக்கு மேலே இருப்பதால், தண்ணீர் பாய்லருக்குள்தான் இறங்கும், அதனால் தேவையில்லையாம். மேலே இருந்தால் என்ன? கசிந்தது பாய்லரின் அடியில் அல்லவா! வீடுகளுக்கான ஐ.ஆர்.சி. விதித்தொகுப்பு நீராவிப் பாய்லர், வெந்நீர்ப் பாய்லர் இரண்டுக்குமே இது வேண்டும் என்கிறது. அதைச் சொன்னதற்கு, ‘இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன்’ என்று பதில்.

வேறொருவரை அழைத்துப் போடச் சொன்னேன். அங்கேதான் பெரிய கொடுமை. இந்தக் கருவியின் முனை தண்ணீரில் நனைந்திருக்கும்போது, தண்ணீர் வழியாக ஒரு சிறு மின்னோட்டம் பாய்லர் உடம்புக்குப் போகும்; அதை வைத்துத்தான் தண்ணீர் இருக்கிறதா என்று அதற்குத் தெரியும். அவரோ மரையில் வெள்ளை டேப்பைச் சுற்று சுற்றென்று சுற்றி மாட்டிவிட்டார். இரும்போடு இரும்பு சரியாகத் தொடவில்லை. தண்ணீர் நிறைய இருந்தும் நடுராத்திரியில் பாய்லர் நின்று நின்று போனது. வெளியே மைனஸ் 10 டிகிரி.

அவரையே கூப்பிட்டேன். வந்தார், ஐந்தே நிமிடத்தில் சரியாகிவிட்டது என்று போய்விட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. டார்ச் அடித்து ஒயர் போகிற வழியைப் பார்த்தேன். கட்ஆஃப் வழியாகப் பர்னருக்குப் போக வேண்டிய இரண்டு ஒயரையும் ஒன்றாக முறுக்கி இணைத்து வைத்திருக்கிறார்! கருவி சுவரோரம் பச்சை விளக்கோடு இருக்கிறது, ஆனால் அது சொன்னாலும் பர்னர் கேட்காது. குழந்தை இருக்கும் வீடு என்று தெரிந்தே இதைச் செய்ய எப்படி மனசு வந்தது? இல்லாமல் இருந்தபோதாவது பயந்துகொண்டு இருந்தேன். இருக்கிறது என்று நம்பித் தூங்கியிருப்பேனே!

மூன்றாவதாக வந்தவர் டேப்பைச் சுரண்டி எடுத்து, மரையில் பசையைக் கொஞ்சமாகத் தடவித் திரும்ப மாட்டினார், ஒயரைப் பிரித்து ஒழுங்காகக் கோத்தார். அப்புறம், கருவியின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்ததோடு விடாமல், ஆறிய பாய்லரிலிருந்து தண்ணீரை வடித்துவிட்டு, வீட்டின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை ஏற்றச் சொன்னார். கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது. பர்னர் பற்றவில்லை. திரும்பத் தண்ணீர் நிரப்பிக் காற்றை வெளியேற்றியது வரை எல்லாம் சேர்த்து 40 நிமிடம். வெறும் 40 நிமிடம்!