செக்குக்காரர்கிட்ட மட்டும் பேரம் பேசுற புண்ணியவான்களுக்கு

"பெரிய கடையில கடலை எண்ணெய் பாக்கெட் 160 ரூபா. நீங்க 300 சொல்றீங்களே, கொள்ளையா அடிக்கிறீங்க?" செக்குக் கடை வாசல்ல தினம் நடக்குற கூத்து இது. கேட்கிறவங்கள்ல எத்தனை பேர் ஒரு தடவையாவது கணக்குப் போட்டுப் பார்த்திருக்காங்க?

மரச்செக்குல ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ரெண்டரை கிலோ நிலக்கடலைப் பருப்பு வேணும். நல்லா காய்ஞ்ச, எண்ணெய்ப் பிடிப்புள்ள பருப்பா இருந்தா கால் கிலோ குறையலாம், அவ்வளவுதான். கிலோ 130 ரூபான்னு வச்சுக்கிட்டா 325. புண்ணாக்கு ஒன்னேகால் கிலோவுக்குக் குறையாம விழும். மாட்டுக்காரர் கிலோ 40 ரூபாய்க்கு எடுத்தா 50 கழியும். மிச்சம் 275. ஆட்டுக்கூலி, கரண்டு, கசடுல போற சேதாரம் எல்லாம் இதுக்கு மேல. இதுல கொள்ளை எங்கய்யா இருக்கு?

அப்ப 160 ரூபாய்க்கு எப்படிக் கட்டுப்படியாகுது? பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. 'மல்டி சோர்ஸ் எடிபிள் ஆயில்'னு இருந்தா அது கலப்பு எண்ணெய். கலக்குற எண்ணெய் எதுவும் 20 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, விகிதத்தை அச்சடிக்கணும்ங்கிறதுதான் விதி. ஆக 20 பங்கு கடலை, 80 பங்கு பாமாயில்னு கலந்தாலும் விதிக்குள்ளதான் வரும். எடையையும் பாருங்க. ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம். சில பாக்கெட் லிட்டர் பாக்கெட் மாதிரியே வீங்கி நிக்கும், உள்ள 800 கிராம்தான் இருக்கும். செக்குக்காரர் படியில ஒரு சொட்டு குறைஞ்சா மட்டும் ஊரைக் கூட்டுவீங்க.

2022 ஏப்ரல் கடைசியில இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்துச்சு. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடிதான் உக்ரைன் போரால சூரியகாந்தி எண்ணெய் சிக்கலாச்சு. நம்ம நாட்டுச் சமையல் எண்ணெய்ல பாதிக்கு மேல இறக்குமதி, அதனால விலை எகிறுச்சு. அப்ப பில் கவுண்டர்ல யாராவது பேரம் பேசினீங்களா? கடலை விலையும் ஏறும்தான், இல்லைங்கல. ஆனா ஏன் ஏறுச்சுன்னு திருவண்ணாமலைப் பக்கம் கமிட்டியில, அதாவது விவசாயிங்க கடலையை ஏலத்துல விக்கிற ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துல, நின்னா காதுல விழும்.

இன்னொரு புகார்: "பூரி போட்டா பொங்குது, கலப்படம்." ரீபைண்ட் பண்ணும்போது பிசினை எடுத்துடுவாங்க. செக்கு எண்ணெய்ல அது அப்படியே இருக்கும், அதான் நுரைக்குது. சட்டியில பாதிக்கு மேல ஊத்தாதீங்க, ஈர மாவைப் போடாதீங்க.

அதுக்காக 'மரச்செக்கு'ன்னு போர்டு போட்டவங்க எல்லாம் யோக்கியர்னு சொல்ல வரல. கடையில செக்கும் இல்ல, புண்ணாக்கு மூட்டையும் இல்ல, கடலை எண்ணெய் மட்டும் 190 ரூபான்னா மேலே போட்ட கணக்கை நினைச்சுக்கிட்டு நடையைக் கட்டுங்க.

சந்தேகமே வேண்டாம்னா பருப்பு வாங்கி நீங்களே ஆட்டுங்க. ஒரு ஈட்டுக்கு, அதாவது செக்குல ஒரு தடவை போட்டு ஆட்ட, இத்தனை கிலோன்னு மில்லுக்கு மில் மாறும், முதல்லயே கேட்டுக்கங்க. பருப்பு குறைஞ்சா உலக்கை பிடிக்காது. சுருங்கினது, பூஞ்சை பிடிச்சதைக் கட்டாயம் பொறுக்கித் தள்ளணும். பூஞ்சையில வர்ற அஃப்லாடாக்சின் நஞ்சு ரீபைண்ட் பண்ணா பெரும்பாலும் போயிடும், செக்குல போகாது. சோம்பேறித்தனம் பண்ணக்கூடாத இடம் இதுதான். ரெண்டு நாள் வெயில்ல காய வைங்க, கடிச்சா படக்குனு உடையணும். ஈரம் இருந்தா எண்ணெய் சரியா பிரியாது, வந்ததும் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். எள்ளுன்னா கருப்பட்டி சேர்த்து ஆட்டணும், அதையும் கையோட கொண்டு போங்க. ஆட்டின எண்ணெயை மூணு நாள் அசைக்காம வச்சு, தெளிஞ்சதை மட்டும் எவர்சில்வர் பாத்திரத்துல ஊத்தி வைங்க.

பருப்பு உங்களுதுன்னா புண்ணாக்கும் உங்களுதுதான். கூலிக்குப் பதிலா அதை எடுத்துக்கிறேன்னு மில்காரர் சொன்னா எடை போட்டு விலை கேளுங்க. பேரம் பேசாம தூக்கம் வராதுன்னா அங்க பேசுங்க.