ரோனோக் தீவில் எவரும் ‘ஒரே இரவில்’ மறையவில்லை

“அமெரிக்காவின் ரோனோக் தீவில் 115 ஆங்கிலேயர் ஒரே இரவில் மாயமாகினர், கம்பத்தில் செதுக்கியிருந்த ‘குரோட்டோவன்’ புரியாத சாபச்சொல்” என்று வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறானது. 1587இல் உதவி தேடி இங்கிலாந்து சென்ற அக்குடியேற்றத்தின் ஆளுநர் ஜான் ஒயிட், போரால் தடைபட்டு 1590இல்தான் திரும்பினார் என்பதால், குடியேறிகள் எந்நாளில் வெளியேறினர் என்பதற்கே பதிவில்லை. குரோட்டோவன் என்பது அருகிலிருந்த தீவின் பெயர். இடம் மாறினால் செல்லுமிடத்தின் பெயரைச் செதுக்குவதென்றும், ஆபத்து நேர்ந்தால் அதன்மேல் சிலுவை பொறிப்பதென்றும் அவர்கள் முன்பே பேசி வைத்திருந்தனர். சிலுவை இல்லை, வீடுகளும் பிரித்தெடுக்கப்பட்டிருந்தன. மகளையும் பேத்தியையும் அங்கே விட்டுச்சென்றிருந்த ஒயிட், புயலால் குரோட்டோவனை அடைய முடியாமல் திரும்பியதே இதில் உண்மையான துயரம். அவரே எழுதிய பயண விவரத்திலும், அமெரிக்கத் தேசியப் பூங்காச் சேவையின் ரோனோக் தீவிலுள்ள ராலே கோட்டை பற்றிய இணையப் பக்கங்களிலும் இவற்றைச் சரிபார்க்கலாம். அச்செய்தியை இனிப் பகிராதிருக்க வேண்டுகிறோம்.