முருகம்மாளுக்குப் பத்து எழுத்து போதவில்லை

போன வாரம் எங்கள் பெங்களூர் ஆபீஸில் ஒரு இன்டர்வியூ பேனலில் உட்கார்ந்தேன். வந்த தம்பி வட மாவட்டத்துக்காரன். அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம், அப்புறம் பெங்களூரில் பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாத ஒரு பொறியியல் கல்லூரி. கொடுத்த கேள்விகளை நேரத்துக்குள் முடித்துவிட்டான். பேச்சுதான் வரவில்லை. உன்னைப் பற்றிச் சொல் என்றால் ஒரு வரி. ஓய்வு நேரத்தில் என்ன செய்வாய் என்றால் ஒரு சிரிப்பு. அவன் வெளியே போனதும் பேனலில் இருந்த சீனியர் லேப்டாப்பை மூடிக்கொண்டே சொன்னார்: "கோடிங்லாம் ஓகேங்க. கல்ச்சர் ஃபிட்தான் கொஞ்சம் டவுட்டு."

சொன்னவரும் தமிழர்தான், சென்னை. அதனால் இதைக் கன்னடம்-தமிழ் சண்டையாகவோ வடக்கு-தெற்கு சண்டையாகவோ கமென்டில் யாரும் திருப்ப வேண்டாம்.

கல்ச்சர் ஃபிட் என்ற அந்தச் சொல்லைப் பத்து வருடமாகக் கேட்கிறேன். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் எழுதிக் காட்டியதில்லை. நான் பார்த்தவரை அதற்கு ஒரே அர்த்தம்தான்: நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கிறானா?

எனக்கு ஊர் தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம். அப்பா தக்காளி மண்டியில் லோடு ஏற்றுகிறவர். 2011 செப்டம்பரில் தமிழக அரசு இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது நான் பிளஸ் டூ. எங்கள் வீட்டுக்குள் வந்த முதல் கம்ப்யூட்டர் அதுதான். தூசி படுமென்று அம்மா அதன்மேல் பழைய புடவைத் துண்டைப் போர்த்தி வைப்பார். முதல் தலைமுறைப் பட்டதாரி சலுகையில் கல்லூரி. 2016இல் ஒரு டிராவல் பேக்கோடு மடிவாளாவில் பஸ் இறங்கி, பி.டி.எம். லேஅவுட்டில் மூன்று பேர் தங்கும் பி.ஜி. அறைக்குப் போனேன்.

முதல் வாரமே டீம் கோடில் ஃபூ, பார் என்ற இரண்டு சொற்களைப் பார்த்தேன். ஏதோ முக்கியமான விஷயம், கல்லூரியில் நடத்தாமல் விட்டுவிட்டார்கள் என்று நினைத்து, இரவில் அகராதியில் தேடினேன். 'பார்' கிடைத்தது, அர்த்தம் ஒட்டவில்லை. 'ஃபூ' கிடைக்கவே இல்லை. அவை வெறும் பொம்மைப் பெயர்கள், நம் கணக்குப் புத்தகத்து ராமு, சோமு மாதிரி என்று தெரிய ஒரு மாதம் ஆனது. யாரிடமும் கேட்கவில்லை, கேட்டால் தெரியாது என்று தெரிந்துவிடுமே. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று இணையத் தரநிலைகளை எழுதுகிற குழு 2001 ஏப்ரல் முதல் தேதியன்று ஒரு வேடிக்கை ஆவணமே வெளியிட்டிருக்கிறது. அவர்களுக்கு அது வேடிக்கை. எனக்குப் போனது ஒரு மாதத் தூக்கம்.

இரண்டாவது வருடம் நடந்தது இன்னும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒரு வெப்சைட் பழைய விலையையே காட்டிக்கொண்டிருந்தது. மீட்டிங்கில் ஆளாளுக்கு ஏதோ சொன்னார்கள். நான் மெதுவாக, "கேச்சேயை க்ளியர் பண்ணினால் சரியாகிவிடும்" என்றேன். ஒரு நொடி அமைதி, அப்புறம் சிரிப்பு. "கேஷ்?" என்று ஒருவர் அன்பாகவே திருத்தினார். (பக்கம் சீக்கிரம் வரச் சேமித்து வைக்கும் நகலுக்கு அந்தப் பெயர், இங்கிலீஷில் cache.) ஐந்து நிமிடத்தில் க்ளியர் செய்தார்கள், விலை சரியாக வந்தது. ஆனால் அன்றைக்கு எல்லார் ஞாபகத்திலும் நின்றது கேச்சேதான். கொஞ்ச நாள் எனக்குச் செல்லப் பெயராகவும் இருந்தது. அவர்கள் அந்தச் சொல்லை அப்பாவிடமோ அண்ணனிடமோ காதால் கேட்டு வளர்ந்தவர்கள். நான் கண்ணால் படித்துக் கற்றவள். எழுத்தைக் கூட்டிப் படித்தால் அது கேச்சேதான்.

(ஜிஃப் (GIF) என்கிற அசையும் பட வடிவத்தை உருவாக்கிய ஸ்டீவ் வில்ஹைட், அது 'ஜிஃப்'தான் என்று 2013இல் ஒரு விருது மேடையிலேயே அறிவித்தார். இன்றுவரை பாதி உலகம் 'கிஃப்' என்கிறது. அவர்களுடைய இன்ஜினியரிங் அறிவை இதை வைத்து யாரும் சந்தேகித்ததாகத் தெரியவில்லை.)

என்னை மாதிரி ஆட்களுக்கென்று ஆபீஸில் வருடம் ஒருமுறை 'இம்போஸ்டர் சிண்ட்ரோம்' வகுப்பு நடத்துவார்கள். தகுதி இருந்தும், ஏமாற்றி உள்ளே வந்துவிட்டோமோ என்று தோன்றுவதற்கு அந்தப் பெயர். கண்ணை மூடி மூச்சை இழுத்து, "ஐ பிலாங் ஹியர்" என்று சொல்ல வேண்டும். 1978இல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் சாதித்த பெண்களை ஆராய்ந்து எழுதிய கட்டுரையில் அதை நோய் என்று சொல்லவில்லை, ஒரு நிகழ்வு என்றுதான் சொன்னார்கள். சிண்ட்ரோம் என்ற வால் பின்னால் ஒட்டியது. அந்த வால் ஒட்டியதும் கோளாறு என் தலைக்குள் வந்துவிட்டது. நிலைவாசலைத் தாழ்வாக வைத்துவிட்டு, இடித்துக்கொண்டவளுக்குத் தைலம் கொடுக்கிறார்கள். தைலம் வேண்டாம் என்று சொல்லவில்லை, வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் கொத்தனாரை யாராவது கூப்பிடுவார்களா என்றுதான் பார்க்கிறேன்.

அந்த வருடங்களில் ஆபீஸில் நான் பயமில்லாமல் பேசிய ஒரே இடம் பேன்ட்ரி. அங்கே வேலை பார்த்த அக்கா அல்சூர்க்காரர். மூன்று தலைமுறையாக பெங்களூர். பாதி கன்னடம் கலந்த அவருடைய தமிழ் எனக்கும், என் தருமபுரித் தமிழ் அவருக்கும் சிரிப்பாக இருக்கும். ஒருநாள் கேட்டார்: "ஏம்மா, இங்க நல்லாப் பேசுற, உள்ள போனா ஏன் வாயே திறக்க மாட்டேங்கிற?" என் மேனேஜர் அப்ரைசலில் எழுதியதும் இதையேதான், இங்கிலீஷில். அக்கா கேள்வியாகக் கேட்டார், அவர் குறையாக எழுதினார்.

கம்ப்யூட்டர் உலகமே முதலில் யாருடைய வீடு என்று தேடிப் படித்தது ஒரு பிடிவாதத்தில்தான். 1946 பிப்ரவரியில் அமெரிக்காவில் எனியாக் என்ற ஆரம்பகாலக் கணினியை உலகுக்குக் காட்டினார்கள். அதற்குப் புரோகிராம் எழுதிய ஆறு பேரும் பெண்கள். அன்றைய விருந்துக்கு அவர்களை அழைக்கவில்லை. அந்த ஆறு பேரில் ஒருவரான கே மெக்நல்டி அயர்லாந்தில் பிறந்து சிறு குழந்தையாக அமெரிக்காவுக்கு வந்தவர். பள்ளியில் சேர்ந்தபோது அவருக்கு ஐரிஷ் மட்டும்தான் தெரியும், இங்கிலீஷில் ஒரு சொல் தெரியாது. இதைப் படித்த அன்று பி.ஜி. மொட்டை மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றிருந்தேன்.

இன்னொன்று கிரேஸ் ஹாப்பர் என்ற அமெரிக்கக் கணினி முன்னோடி சொன்னது. 1950களில் அவருடைய குழு ஆங்கிலச் சொற்களிலேயே புரோகிராம் எழுதும் முறையைச் செய்து, மேலதிகாரிகளுக்குக் காட்டியது. ஓர் உற்சாகத்தில் அதே புரோகிராமைப் பிரெஞ்சு, ஜெர்மன் சொற்களிலும் ஓட்டிக் காட்டினார்கள். மெஷினுக்கு எல்லாமே குறியீடுதானே. மேலதிகாரிகள் பதறிப்போனார்களாம். பென்சில்வேனியாவில் செய்த கம்ப்யூட்டருக்குப் பிரெஞ்சும் ஜெர்மனும் எப்படிப் புரியும்? இங்கிலீஷைத் தவிர எதையும் தொடமாட்டோம் என்று அவர்களை நம்பவைப்பதே பெரும்பாடாகிவிட்டது என்று ஹாப்பர் பிற்பாடு சொல்லியிருக்கிறார். மெஷினுக்கு அன்றைக்கும் பிரச்சினை இல்லை.

சரி, என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். நாலு வருடம் முன்பு ஒரு பெண்ணுக்கு, 'கம்யூனிகேஷன் நீட்ஸ் இம்ப்ரூவ்மென்ட்' என்று ஃபீட்பேக் படிவத்தில் எழுதியது நான்தான். நன்றாகப் புரோகிராம் எழுதினாள். ஒவ்வொரு வாக்கியத்தையும் மனதுக்குள் மொழிபெயர்த்துச் சொன்னாள். எனக்கு அது தெரிந்தது, ஏனென்றால் நானும் அப்படித்தான். பேனலில் மற்ற இருவரும் தலையாட்டியபோது, அவளுக்காகப் பேசினால் என்னையும் அவள் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்ப்பார்களோ என்று பயம். எழுதிக் கொடுத்துவிட்டேன். உள்ளே வந்தவர்கள் கதவை மெல்லச் சாத்துவதும் இப்படித்தான்.

போன வாரத் தம்பிக்கு வருகிறேன். சீனியர் கேட்டது எல்லாரும் கேட்கிற பழைய கேள்வி: ஒரு சொல்லைக் கொடுத்தால் அதைப் பின்னாலிருந்து முன்னாகத் திருப்பு. பைத்தான் என்ற கணினி மொழியில் ஒரே வரியில் எழுதினான். நான் சும்மா கேட்டேன், "தமிழ்னு கொடுத்தா என்ன வரும்?"

முதலில் இங்கிலீஷில் தடுமாறினான். "தமிழ்லயே சொல்லுங்க தம்பி" என்றேன். எழுந்து போர்டுக்குப் போனான்.

"மேம், நமக்கு இது மூணு எழுத்து. பைத்தான் அஞ்சுன்னு எண்ணும். த, ம, அது மேல இருக்குற வளைவு தனி, ழ, புள்ளி தனி. திருப்பினா புள்ளிதான் முதல்ல வரும், ஒட்டிக்க எழுத்து இல்லாமத் தொங்கும். 'மி'யோட வளைவு ழ மேல ஏறிக்கும். ழிமத-ன்னு வரும். சரியா வரணும்னா எழுத்தைச் சேர்த்துப் பிடிச்சுத் திருப்பணும், ழ்மித."

எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவன் அம்மா இருக்கிற மகளிர் குழுவுக்குக் கடன், சேமிப்புக் கணக்குப் பார்க்க ஒரு சின்ன ஆப் செய்து கொடுத்திருக்கிறான். பெயருக்குப் பத்து இடம் ஒதுக்கினானாம், அதுவே தாராளம் என்று நினைத்து. முருகம்மாள் என்று ஒருவர். நமக்கு ஆறு எழுத்து, கம்ப்யூட்டருக்குப் பதினொன்று. கடைசிப் புள்ளி வெட்டுப்பட்டு 'முருகம்மாள' என்று வந்தது. அவர், "ஏன்டா என் பேரை அரைகுறையா வச்சிருக்க?" என்று சண்டைக்கு வந்துவிட்டார். அதற்காக உட்கார்ந்து படித்ததுதான் இதெல்லாம்.

ரெஸ்யூமைப் பார்த்தேன். இது இல்லை. எல்லாரும் போடுகிற ஆன்லைன் ஷாப்பிங் வெப்சைட்தான் இருந்தது. ஏன் போடவில்லை என்றேன்.

"அதெல்லாம் ப்ராஜெக்ட்டா மேம்?"

நிஜ ஆட்கள், நிஜப் பணம், நிஜ பக், திருத்திய கதை. இதைவிட வேறென்ன ப்ராஜெக்ட்? அதைச் சொல்லிக்கொள்ளலாம் என்பது அவன் வளர்ந்த வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது, எங்கள் வீட்டில் தெரியாததுபோல. சீனியர் வாட்ச்சைப் பார்த்துவிட்டு, "அது ஒரு எட்ஜ் கேஸ், விடுங்க, அடுத்த கேள்விக்குப் போலாம்" என்றார். கோடிக்கணக்கான பேர் எழுதுகிற மொழி எட்ஜ் கேஸாம், எப்போதாவது வருகிற விதிவிலக்கு.

லிஃப்ட் வரை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். "எந்த ஊருங்க்கா நீங்க?" என்றான். மேம் போய்விட்டிருந்தது. பாலக்கோடு என்றதும், "தக்காளி ஊரு" என்று முதல் முறையாகச் சத்தமாகச் சிரித்தான்.

எங்கள் படிவத்தில் கல்ச்சர் ஃபிட் என்ற கட்டத்தைக் காலியாக விட முடியாது. அதில் முருகம்மாள் கதையை முழுசாக எழுதி அனுப்பினேன். இன்று காலை ஹெச்.ஆரிடமிருந்து மெசேஜ்: "ஹூ இஸ் முருகம்மாள்? இஸ் ஷி அனதர் கேண்டிடேட்?"

பதில் டைப் செய்து செய்து அழித்துக்கொண்டிருக்கிறேன்.

(தம்பியின் அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களையும், அந்த அம்மாவின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். புள்ளி போனது மட்டும் நிஜம்.)