இந்த ஆண்டு என் காதுக்கு வந்த பழைய இசை

ஆண்டின் சிறந்த ஆல்பங்கள் என்று இங்கே நீங்கள் வெளியிட்டிருக்கும் பட்டியலில் எல்லாமே இந்த ஆண்டு வெளிவந்தவை. எனக்கு இந்த ஆண்டு பிடித்துப்போனவையோ பழையவை. முதன்முறை காதில் விழும்போது எந்தப் பாட்டும் புதுசுதானே.

முதலிடம் அலி ஃபார்க்கா தூரே, தூமானி ஜபாத்தே இருவரும் சேர்ந்து வாசித்த 'இன் தி ஹார்ட் ஆஃப் தி மூன்' (2005) ஆல்பத்துக்கு. இருவருமே மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுக்காரர்கள். அலி வாசிப்பது கிட்டார், தூமானி வாசிப்பது 21 தந்திகள் உள்ள கோரா என்ற ஆப்பிரிக்க இசைக்கருவி. ஒத்திகை இல்லாமலே பெரும்பாலும் பதிவு செய்தார்களாம், கேட்டால் நம்ப முடியாது. கிட்டார் ஒரே மெட்டை நிதானமாகச் சுற்றிவர, கோரா அதன்மேல் தூறல் மாதிரி இறங்குகிறது. பல இரவுகள் விளக்கை அணைத்துவிட்டு இதை மட்டுமே கேட்டேன். மொழி தெரியவில்லையே என்ற கவலையும் இல்லை, பாடுவது கொஞ்சம்தான்.

அப்புறம் ஆங்கிலப் பாடகர் நிக் டிரேக்கின் 'பிங்க் மூன்' (1972). மொத்தமே 28 நிமிடம். ஒரு குரல், ஒரு கிட்டார், முதல் பாட்டில் மட்டும் கொஞ்சம் பியானோ. 26 வயதில் இறந்துபோனார். உயிரோடு இருந்தவரை அவர் ஆல்பங்கள் அவ்வளவாக விற்கவே இல்லை என்பதை நினைத்தால் மனசு கனக்கிறது.

இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' (1986) ஆல்பத்தையும் இப்போதுதான் முழுசாகக் கேட்டேன். தியாகராஜருக்கும் ஜெர்மன் இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக் (Bach) அவர்களுக்கும் காணிக்கையாக்கியது. வி.எஸ். நரசிம்மனின் வயலினுக்காகவே ஹெட்ஃபோனில் கேளுங்கள்.

அடுத்த முறை பழைய ஆல்பங்களுக்கும் ஒரு பகுதி ஒதுக்குங்களேன். இங்கே படிப்பவர்களும் தாங்கள் தாமதமாகக் கண்டுபிடித்ததைச் சொன்னால் தேடிக் கேட்பேன்.